திறந்த வெப்பமூட்டும் அமைப்பில் ஃபீட் குழாயும் வென்ட் குழாயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் 1990களுக்கு முன் சென்ட்ரல் ஹீட்டிங் பொருத்தப்பட்ட வீடுகளில் பெரும்பாலானவை திறந்த அமைப்பைக் கொண்டவை. பாய்லரும் ரேடியேட்டர்களும் கீழே இருக்க, அவற்றுக்கு நீர் தரும் சிறு தொட்டியொன்று கூரையடிப் பரணில் இருக்கும். லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் வாங்கிக் குடியேறிய பழைய வரிசை வீடுகள் பலவற்றிலும் இந்த ஏற்பாடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் வரும் தொல்லைகளுக்குப் பம்பையோ ரேடியேட்டரையோ மாற்றிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் பலர். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயும் தொட்டிக்கு ஏறும் குழாயும் அமைப்போடு சேரும் இடத்திலேயே இருக்கிறது.

இந்த இரண்டு குழாய்களும் எதற்கு?

தொட்டியின் அடிப்பகுதியிலிருந்து இறங்கி வருவது ஃபீட் குழாய். அமைப்பை முதலில் நிரப்புவதும், கசிவாலும் ஆவியாதலாலும் குறையும் நீரை ஈடுசெய்வதும், நீர் சூடாகி விரியும்போது அந்த மிகுதியைத் தொட்டிக்குத் திரும்ப அனுப்புவதும் இதன் வேலைகள். பாய்லருக்கு அருகிலிருந்து மேலேறித் தொட்டிக்கு மேல் வளைந்து திறந்த வாயுடன் முடிவது வென்ட் குழாய். நீரிலிருந்து பிரியும் காற்று இதன் வழியே வெளியேறும். தெர்மோஸ்டாட் பழுதாகி நீர் கொதித்துவிட்டால் நீராவிக்கும் இதுவே வாசல். வென்ட் திறந்திருக்கும்வரை பாய்லருக்குள் ஆபத்தான அழுத்தம் சேர முடியாது. முதலாவது அன்றாட வேலைக்கு, இரண்டாவது உயிர்க்காப்புக்கு என்று கொண்டால் கீழே வரும் விதிகளில் பலவற்றின் காரணம் தானாகவே விளங்கும்.

பரணில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. எதைப் பற்றிப் பேசுகிறோம்?

சிறியதைப் பற்றி. பெரிய தொட்டி குளியலறைக் குழாய்களுக்கும் வெந்நீர் சிலிண்டருக்கும் நீர் தருவது. சிறிய தொட்டியின் நீர் பாய்லர், ரேடியேட்டர்கள், சிலிண்டருக்குள் இருக்கும் சுருள்குழாய் ஆகியவற்றுக்குள் மட்டுமே சுற்றும். அதில் துருத்தடுப்பு மருந்து கலந்திருக்கும். அந்த நீரைக் குடிக்கவோ குளிக்கவோ பயன்படுத்தக் கூடாது.

சிறிய தொட்டியில் நீர் பாதிக்கும் கீழே நிற்பதைப் பார்த்துச் சிலர் மிதவை வால்வை உயர்த்தி நிரப்பிவிடுகிறார்கள். அது தவறு. நீர் 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி செல்சியஸுக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 3 விழுக்காடு விரிகிறது. ஆகவே 100 லிட்டர் கொள்ளும் அமைப்பிலிருந்து சுமார் 3 லிட்டர் தொட்டிக்கு ஏறி வரும். அதற்கான வெற்றிடம் இல்லாவிட்டால், ஒவ்வொரு முறை வீடு சூடாகும்போதும் அந்த நீர், மிகுதியை வெளியேற்றும் வழிகுழாய் வழியே சுவரில் கொட்டும். குளிர்ந்ததும் புதுநீர் உள்ளே வரும். புதுநீர் என்றால் புது ஆக்சிஜன். ஆக்சிஜன் என்றால் இரும்பு ரேடியேட்டர்களுக்குத் துரு.

இரண்டு குழாய்களையும் எங்கே இணைக்க வேண்டும்?

எரிவாயு அல்லது எண்ணெய் பாய்லர் கொண்டு, சிலிண்டரும் ரேடியேட்டர்களும் பம்பின் விசையாலேயே ஓடும் அமைப்பில் விடை தெளிவானது. பாய்லரிலிருந்து வெந்நீர் வெளியேறும் குழாயில் முதலில் வென்ட், அடுத்து ஃபீட், அதற்குப் பிறகே பம்ப். வென்ட் சேரும் இடத்துக்கும் ஃபீட் சேரும் இடத்துக்கும் இடையில் 150 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. இந்த வரிசை பிரிட்டிஷ் குழாய்த் தொழிலாளர்களுக்கு மனப்பாடம்; ஆனாலும் பாய்லரை மாற்றும்போது இடம் போதவில்லை என்று இதைக் கலைத்துவிடுகிறவர்கள் உண்டு.

ஏன் அந்த வரிசை? பம்ப் முன்னால் இருந்தால் என்ன?

பம்ப் ஓடினாலும் நின்றாலும் ஃபீட் குழாய் சேரும் இடத்தில் அழுத்தம் மாறாது. அந்த இடத்துக்கு மேலே நிற்கும் நீரின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் அங்கே அழுத்தம். தொட்டியின் நீர்மட்டம் மாறாதவரை அதை எந்தப் பம்பாலும் அசைக்க முடியாது. இதை நடுநிலைப் புள்ளி என்று கொள்ளலாம். பம்ப் தனக்கு முன்னால் அழுத்தத்தைக் கூட்டுகிறதா, பின்னால் குறைக்கிறதா என்பது, இந்தப் புள்ளி பம்பின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். இணைப்பு இருக்கும் இடத்துக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் தொட்டி நீர் நிற்கிறது. பம்ப் 4 மீட்டர் நீருயரத்துக்குச் சமமான விசையைத் தருகிறது. பாய்லர், வென்ட், ஃபீட், பம்ப் என்ற சரியான வரிசையில், பம்பின் நுழைவாயிலில் 2 மீட்டர், வெளிவாயிலில் 6 மீட்டர். ரேடியேட்டர்களைச் சுற்றி வரும் வழியில் அது படிப்படியாகக் குறைந்து, பாய்லரைக் கடந்து மீண்டும் 2 மீட்டருக்கு வந்து சேரும். அதாவது பம்ப் ஓடும்போது அமைப்பின் எந்தப் பகுதியிலும் அழுத்தம் ஓய்வுநிலையைவிடக் குறையாது. இணைப்புகளில் எங்கேனும் சிறு துளை இருந்தால் நீர் வெளியே கசியுமே தவிர, காற்று உள்ளே நுழையாது.

இப்போது பம்பை முன்னால் கொண்டுவந்து, அதற்குப் பிறகு வென்டையும் ஃபீடையும் இணைத்ததாகக் கொள்வோம். பம்பின் வெளிவாயிலில் 2 மீட்டர் என்பது நிலைத்துவிடும். நுழைவாயிலில் 2 கழித்தல் 4, அதாவது வளிமண்டல அழுத்தத்துக்கும் 2 மீட்டர் கீழே. மாடி ரேடியேட்டர்கள் சுற்றின் நடுவில் இருப்பதால் அங்கேயும் அழுத்தம் வெளிக்காற்றைவிடத் தாழ்ந்துபோகக்கூடும். வால்வுத் தண்டுகளின் பழைய அடைப்புகள் வழியே காற்று உறிஞ்சப்படும். நீர் சொட்டாத காரணத்தால் யாரும் அந்த இடத்தைச் சந்தேகிப்பதில்லை. ரேடியேட்டரின் காற்றுத் திருகை வாரந்தோறும் சாவியால் திறந்து காற்றை வெளியேற்றினாலும் மாடி ரேடியேட்டர் மீண்டும் மேற்பாதி குளிர்ந்து கிடக்கும். பம்ப் ஓடும்போது சாவியைத் திருப்பினால் வெளியே சீறுவதற்குப் பதிலாக உள்ளே இழுக்கும் ஓசை கேட்டால், சந்தேகத்துக்கு இடமில்லை. எப்படியானாலும் காற்றை வெளியேற்றும்போது பம்பை நிறுத்திவிடுவதே முறை.

இன்னொரு காரணமும் உண்டு. பம்பின் இருபுறமும் அடைப்பு வால்வுகள் இருக்கும். வென்ட் பம்புக்குப் பின்னால் இருந்தால், யாராவது அந்த வால்வை மூடியதும் பாய்லருக்கும் வென்டுக்கும் உள்ள தொடர்பு துண்டிக்கப்படும்.

150 மில்லிமீட்டர் என்று ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறார்கள்?

இரண்டு இணைப்புகளுக்கும் இடையில் அழுத்த வேறுபாடு இருக்கக் கூடாது என்பதற்காக. வேறுபாடு இல்லாவிட்டால் வென்ட் குழாய்க்குள் நீர் தொட்டியின் மட்டத்திலேயே அமைதியாக நிற்கும். வேறுபாடு இருந்தால் அது ஏறும் அல்லது இறங்கும்.

பழைய முறையில் ஃபீடைத் திரும்பும் குழாயிலும் வென்டை வெளியேறும் குழாயிலும் இணைத்தார்கள். இடையில் பாய்லரே நிற்கும். வார்ப்பிரும்பு பாய்லர்களின் அகன்ற வழிகளில் நீர் தடையின்றிப் போனதால் அது பெரும்பாலும் தொல்லை தரவில்லை. இன்றைய பாய்லரின் வெப்பமாற்றி குறுகலானது. அதைக் கடக்க நீர் 1 மீட்டர் அழுத்தத்தை இழப்பதாக வைத்துக்கொள்வோம். பம்ப் வென்டுக்குப் பின்னால் இருந்தால், வென்டில் நீர் தொட்டி மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே இறங்கும். இணைப்புக்கு மேல் 80 சென்டிமீட்டர் நீர் மட்டுமே இருக்கும் வீட்டில் அது குழாயின் அடிவரை இறங்கி, வென்ட் காற்றை உறிஞ்சத் தொடங்கும். பம்ப் ஃபீடுக்கும் பாய்லருக்கும் நடுவில் திரும்பும் குழாயில் இருந்தால் நிலைமை நேர்மாறு: பம்பின் 4 மீட்டரில் பாய்லர் தின்ற 1 மீட்டர் போக மீதி 3 மீட்டர் வென்டில் ஏறப் பார்க்கும். வளைவு தொட்டிக்கு மேல் அரை மீட்டர்கூட இல்லாதபோது வெந்நீர் இடைவிடாமல் தொட்டிக்குள் கொட்டும். பம்பின் வேகத்தைக் குறைத்து இதை அடக்கிவிட்டதாகச் சொல்பவர்கள் நோயை மறைக்கிறார்களே தவிரத் தீர்க்கவில்லை.

வென்ட் குழாயின் அளவும் உயரமும் எப்படி இருக்க வேண்டும்?

குறைந்தது 22 மில்லிமீட்டர் விட்டம். இணைப்பிலிருந்து தொட்டிவரை தொடர்ந்து ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தாழ்ந்து ஏறும் பள்ளம் இருந்தால் காற்றும் நீரும் அங்கே சிக்கும். அதன் உச்சி தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 450 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பம்ப் இயங்கத் தொடங்கும் கணத்தில் நீர் துள்ளி ஏறும். அந்தத் துள்ளலுக்கு இடம் கொடுப்பதே இந்த உயரம். வாய் தொட்டி மூடியின் துளை வழியே உள்ளே நுழைந்து, நீரைத் தொடாமல் மேலேயே முடிய வேண்டும். நீருக்குள் அமிழ்ந்திருந்தால் அமைப்பு குளிரும்போது தொட்டி நீரை அதுவே இழுத்துக்கொள்ளும். காற்று பிரிவதும் தடைபடும்.

ஃபீட் குழாய்க்கு 15 மில்லிமீட்டர் போதும்.

இக்குழாய்களில் வால்வு வைக்கலாமா?

வென்டில் கூடவே கூடாது. பாய்லருக்கும் வென்ட் இணைப்புக்கும் இடைப்பட்ட பகுதியிலும் எந்த வால்வும் கூடாது. சிலிண்டருக்கும் ரேடியேட்டர்களுக்கும் போகும் நீரைத் தானாகத் திறந்து மூடும் மோட்டார் வால்வுகள் பம்புக்கு அப்பால்தான் வர வேண்டும். பராமரிப்புக்கு வசதி என்று ஃபீட் குழாயில் வால்வு போடுகிறவர்கள் உண்டு. அதை மூடிவிட்டுத் திறக்க மறந்தால் அமைப்புக்கு நீர் வரத்தே நின்றுபோகும் என்பதால் அதையும் தவிர்ப்பதே நல்லது. நீரை நிறுத்த வேண்டுமானால் தொட்டியின் மிதவை வால்வுக்கு வரும் குழாயில் நிறுத்தினால் போதும்.

இரண்டையும் ஒரே குழாயாக்க முடியாதா?

22 மில்லிமீட்டர் குழாய் ஒன்றையே ஃபீடாகவும் வென்டாகவும் பயன்படுத்தும் முறை இருக்கிறது. மிகைவெப்பத்தில் தானாக நின்றுவிடும் தனிப் பாதுகாப்பு தெர்மோஸ்டாட் பாய்லரில் இருந்து, அந்தப் பாய்லரின் தயாரிப்பாளர் கையேடும் இதை ஏற்றால் மட்டுமே இதைச் செய்யலாம். என் கருத்தில், இடமே இல்லாத வீட்டுக்கு மட்டும் உரிய ஏற்பாடு இது. இரு குழாய்கள் இருந்தால், ஒரு வழியே வெந்நீர் வெளியேறி மறு வழியே தொட்டி நீர் இறங்கிப் பாய்லரைத் தணிக்கும். ஒரே குழாயில் ஏறுவதும் இறங்குவதும் மோதிக்கொள்ளும். அது அடைத்துவிட்டால் இரண்டு வாசல்களும் ஒன்றாக மூடப்படும்.

வென்ட் கொட்டுகிறதா, உறிஞ்சுகிறதா என்று எப்படிக் கண்டறிவது?

கொட்டுவதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். வெப்பமூட்டல் சிறிது நேரம் ஓடிய பின் பரணுக்கு ஏறித் தொட்டியை வெளிப்புறமாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. கைவைக்க முடியாத சூடும், மூடியின் உட்புறத்திலும் அருகிலுள்ள மரச்சட்டங்களிலும் நீர்த்துளிகளும் இருந்தால் வெந்நீர் வந்து கொட்டுகிறது.

உறிஞ்சுவதைக் காண ஒரு கண்ணாடிக் குவளை போதும். பாய்லரை அணைத்து, நீர் முழுவதும் குளிர்ந்த பிறகு, குவளையில் நீர் நிரப்பி, வென்டின் வாய் அதில் அமிழும்படி பிடித்துக்கொண்டு, கீழேயிருப்பவரைப் பம்பை மட்டும் ஓடவிடச் சொல்லுங்கள். குவளையின் நீர் குறைந்தால் உறிஞ்சல். நிரம்பி வழிந்தால் தள்ளல். அசையாமல் நின்றால் இணைப்பு சரி. பம்ப் தொடங்கும் நொடியில் ஏற்படும் சிறு அசைவைப் பொருட்படுத்த வேண்டாம்.

இரண்டில் எது நடந்தாலும் நீருக்குள் தொடர்ந்து காற்று கலக்கும். அதன் விளைவு ரேடியேட்டர்களின் அடியில் படியும் கருஞ்சேறு.

இணைப்பு சரியான இடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் வென்ட் கொட்டத் தொடங்கியிருக்கிறது. ஏன்?

பல ஆண்டுகள் ஒழுங்காக ஓடிய அமைப்பில் இது திடீரெனத் தொடங்கினால், ஃபீட் குழாய் அடைத்திருக்கிறதா என்றே முதலில் பார்க்க வேண்டும். ஃபீட் அடைத்ததும் நடுநிலைப் புள்ளி அங்கே இருக்காது. வென்ட் சேருமிடமே அந்தப் பொறுப்பை ஏற்கும். விரியும் நீருக்கும் வென்ட் ஒன்றே வழி.

அடைப்பு பெரும்பாலும் ஃபீட் குழாய் அமைப்போடு சேரும், T எழுத்து வடிவிலான டீ இணைப்பிலும் அதையொட்டிய ஒரு சாண் நீளத்திலும்தான் ஏற்படும். அங்கே நீர் ஓடுவதில்லை. அசையாத நீருக்குள் சுற்றுநீரின் சேறு மெல்லப் படிந்து, வெப்பத்தில் இறுகுகிறது. வெட்டியெடுத்த டீயின் உள்ளே பார்த்தால், 15 மில்லிமீட்டர் செம்புக் குழாய் முழுவதும் கரிய கட்டியாகி, நடுவில் பென்சில் முனை நுழையும் துளை மட்டும் எஞ்சியிருக்கும். சில நேரம் அதுவும் இருக்காது. அந்தக் கட்டியைச் சுரண்டினால் ஈரக் கரித்தூள் போல விரலில் ஒட்டும்.

வெட்டாமலே கண்டுபிடிக்க வழியுண்டு. இந்தச் சேற்றின் பெரும்பகுதி மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு, காந்தத்தால் ஈர்க்கப்படும். செம்பை ஈர்க்காத காந்தம் டீயின் அருகில் குழாயோடு ஒட்டிக்கொண்டால் உள்ளே அடைப்பு. மற்றொரு சோதனை: கீழே வடிகால் குழாயைச் சிறிது திறந்து ஒரு வாளி நீர் எடுங்கள். தொட்டியின் மட்டம் உடனே குறைந்து மிதவை இறங்க வேண்டும். வாளி நிரம்பியும் தொட்டி அசையாவிட்டால் ஃபீட் வழியே நீர் வரவில்லை.

மருந்து ஊற்றியோ எந்திரம் வைத்து அலசியோ இந்த அடைப்பை நீக்குவது அரிது. அலசும் நீர் சுற்றுக் குழாயில் விரைந்து போகுமே ஒழிய, முட்டுச்சந்து போன்ற ஃபீட் குழாய்க்குள் நுழையாது. டீயையும் அடைத்த பகுதியையும் வெட்டி எறிந்து புதிதாகப் போடுவதே விரைவான, மலிவான வழி. அதன் பிறகு அமைப்பை அலசித் துருத்தடுப்பு மருந்து சேர்க்காவிட்டால், புது டீயும் நாளடைவில் அடைத்துக்கொள்ளும்.

வென்டும் ஃபீடும் சரியாக இருந்தும் தொட்டியின் வழிகுழாய் சொட்டுகிறதே?

முதலில் மிதவை வால்வைப் பாருங்கள். சிறு தொட்டியின் வால்வு மாதக்கணக்கில் அசையாமல் கிடப்பதால், லண்டன் போன்ற கடின நீர்ப் பகுதிகளில் சுண்ணாம்பு ஏறி இறுகிவிடும். மூடாவிட்டால் வழியும், திறக்காவிட்டால் தொட்டி வறண்டு அமைப்பு காற்றை இழுக்கும்.

வால்வு மூடியிருந்தும் மட்டம் ஏறினால், வெந்நீர் சிலிண்டருக்குள் இருக்கும் சுருள்குழாய் துளைபட்டிருக்கலாம். பெரிய தொட்டியின் நீர்மட்டம் உயர்ந்திருப்பதால் அந்த நீர் துளை வழியே வெப்பமூட்டும் அமைப்புக்குள் புகுந்து சிறு தொட்டியை நிரப்பும். இரவில் சிறு தொட்டிக்கு வரும் நீரை மட்டும் நிறுத்திவிட்டுக் காலையில் மட்டம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஏறியிருந்தால் சிலிண்டரை மாற்றத்தான் வேண்டும்.

கணப்புக்குப் பின்னால் இருக்கும் பழைய பாய்லருக்கும் இதே விதியா?

இல்லை. பாக்ஸி பெர்முடா போன்ற, எரிவாயுக் கணப்புக்குப் பின்னால் புகைபோக்கிக்குள் அமரும் பாய்லர்கள் பலவற்றில், சிலிண்டருக்குப் போகும் சுற்று 28 மில்லிமீட்டர் குழாய்களில் பம்ப் இல்லாமல், வெந்நீர் இலேசாகி மேலேறும் இயல்பாலேயே ஓடும். பம்ப் ரேடியேட்டர் சுற்றில் மட்டும் இருக்கும். அங்கே வென்ட் இயல்பாக ஏறும் வெந்நீர்க் குழாயிலும், ஃபீட் அதன் திரும்பும் குழாயிலும் சேரும். அச்சுற்றில் பம்பின் விசை இல்லாததால் பிரித்து வைப்பதில் தவறில்லை. அந்தப் பாய்லரை எடுத்துவிட்டு முழுதும் பம்பால் ஓடும் அமைப்பாக மாற்றும்போது, பழைய இரு இணைப்புகளையும் அப்படியே விட்டுவிடுவதுதான் பிழை.

விறகு அல்லது நிலக்கரி பாய்லர்களின் கதை வேறு. நெருப்பைச் சுவிட்சில் அணைக்க முடியாது. ஆகவே அங்கே வென்ட் பாய்லரிலிருந்து நேரே ஏற வேண்டும், ஃபீட் தனியே திரும்பும் குழாயில் சேர வேண்டும். நெருக்கமாக இணைக்கும் முறை அவற்றுக்குப் பொருந்தாது.

குளிர்காலத்தில் பரணில் இவை உறைந்துவிடுமா?

உறையலாம். 2010 டிசம்பர் போன்ற கடுங்குளிர் மாதத்தில், வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போனவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். இரு குழாய்களும் பனிக்கட்டியால் அடைத்த நிலையில் பாய்லரை எரியவிடுவது திறந்த அமைப்பில் செய்யக்கூடிய மிக அபாயகரமான காரியம். குழாய்களுக்கு உறை போடுங்கள். தொட்டியின் பக்கங்களையும் மூடியையும் போர்த்துங்கள். தொட்டிக்கு நேர் கீழே மட்டும் பரண் தரையில் வெப்பக்காப்பு விரிக்க வேண்டாம். வீட்டின் சூடு அந்த வழியே மேலேறித் தொட்டியைக் காக்கட்டும். உறைந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், முற்றிலும் இளகும்வரை பாய்லரை இயக்காதீர்கள்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மூடிய அமைப்புக்கு மாறிவிடலாமா?

மாறலாம். பரண் தொட்டியும் இரு குழாய்களும் போய், அவற்றின் இடத்தில் விரியும் நீருக்கு இடம் தரும் விரிவுக்கலமும் 3 பார் (அழுத்த அலகு) அளவில் திறக்கும் பாதுகாப்பு வால்வும் அழுத்தமானியும் வரும். நீர் குளிர்ந்திருக்கும்போது அழுத்தம் 1 பார் அளவில் வைக்கப்படும். தொட்டி தரைத்தள ரேடியேட்டருக்கு 5 மீட்டர் மேலே இருக்கும் வீட்டில் அங்கே இப்போதுள்ள அழுத்தம் ஏறக்குறைய அரை பார்தான். ஆகவே பழைய இணைப்புகளும் துருவேறிய ரேடியேட்டர்களும் அந்த இரட்டிப்பைத் தாங்குமா என்று பார்த்த பிறகே மாற வேண்டும். தரைக்கு அடியில் எங்கோ மெல்லக் கசியும் குழாயைத் திறந்த அமைப்பு சத்தமில்லாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும்; மூடிய அமைப்பில் அழுத்தமானி அதை இரண்டொரு நாளில் காட்டிக்கொடுத்துவிடும். உங்கள் பாய்லர் மூடிய அமைப்புக்கு ஏற்றதா என்பதைக் கையேட்டில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இந்த வேலைகளை நானே செய்யலாமா?

குவளைச் சோதனை, காந்தச் சோதனை, உறை போடுதல், மிதவை வால்வைச் சரிசெய்தல் ஆகியவற்றைக் கைத்திறன் உள்ள எவரும் செய்யலாம். நீரை வடித்து டீயை மாற்றுவதும் குழாய் வேலை தெரிந்தவர்க்கு இயலும். எரிவாயு பாய்லரின் உறையைத் திறப்பதும் எரிவாயுக் குழாயைத் தொடுவதும் எரிவாயு வேலைக்குத் தகுதி பெற்றவர்களின் பதிவேடான கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவருக்கு மட்டுமே உரியவை. கிரேட் பிரிட்டனில் 2009 ஏப்ரல் 1 முதல் பழைய கோர்கி பதிவேட்டின் இடத்தில் இருப்பது அதுவே. வருகிறவரின் அடையாள அட்டையின் பின்புறத்தைக் கேட்டுப் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவர் தகுதி பெற்றவர் என்பது அங்கேதான் அச்சிடப்பட்டிருக்கும். பாய்லர் மாற்றத்துக்கு விலை கேட்கும்போதே, வென்டும் ஃபீடும் எங்கே இணைக்கப்படும் என்பதை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.